வசந்தரூபியைப் பார்க்க மறந்த கதை

1

இந்தக் கதையை நானாக எழுத வெளிக்கிடவில்லை. எழுதச் சொன்னவர் வசந்தரூபி. பாரிசில், ரூ லூயி-பிளாங்க் தெருவில் விமான டிக்கெட் போடும் கடை ஒன்றில் வேலை செய்கிறார். என்னைக் கலியாணம் செய்வதா இல்லையா என்பதை இதை வாசித்துவிட்டுத்தான் சொல்வாராம். நான் நகருக்கு வெளியே ஸ்தேனில் ஒரு ரெஸ்டோரண்டில் சமையல். இதுவரை பதினேழு சிறுகதைகள் எழுதியிருக்கிறேன். ஒன்றுக்குக்கூட யாரும் இத்தனை அக்கறையோடு காத்திருந்ததில்லை. ஆகவே வாசகரே, இந்தத் தடவை நீங்கள் இரண்டாவது ஆள்தான். கோபிக்க வேண்டாம்.

அவர் தொலைபேசியில் கேட்டது சின்ன விசயம்.

“தவரத்தினம், அண்டைக்கு என்னைப் பாத்தனீங்கள்தானே? என்ன பாத்தனீங்கள் எண்டு எழுதித் தாங்கோ. கதை எழுதுறனீங்களாம்.”

“ஓம், ஓம், எழுதுறன்” என்று சொல்லிவிட்டேன். சிக்கல் என்னவென்றால், நான் அவரைப் பார்க்கவில்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி:

“2014 நவம்பர், ஒரு ஞாயிறு. மார்ன் ஆற்றங்கரையில் [     ] நிறச் சேலையில் வசந்தரூபி நின்றபோது, இலையுதிர்கால வெயில் அவர் முகத்தில் –”

சேலையா? அந்தக் குளிரிலா? வெட்டு.

இரண்டாவது முயற்சி:

“அவருடைய கண்கள் [     ]. தலைமுடியோ [பின்னலா? கொண்டையா? தொப்பியா?] –”

பார்த்தீர்களா. வெறும் அடைப்புக்குறிகளை வைத்துக்கொண்டு எத்தனை நாளைக்குக் குடும்பம் நடத்துவது?

3

பூபாலசிங்கம் அண்ணைக்கு மார்க்ஸ் டோர்மோயில் பலசரக்குக் கடை. ஓய்ந்த நேரமெல்லாம் கலியாணம் பேசுவார். எங்கள் வழக்கத்தில் பெண் பார்ப்பது பெண் பார்ப்பதாகத் தெரியக்கூடாது. சரிவராவிட்டால் ஒருவருக்கும் மானம் போகக்கூடாது அல்லவா? அதனால் இரண்டு பகுதியும் கோயிலில் தற்செயலாகச் சந்திப்பார்கள். அந்தத் தற்செயலை, எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லாச்சப்பலே திரண்டு நின்று பார்க்கும். நான் நாலு தடவை தற்செயலாகியிருக்கிறேன், வசந்தரூபி மூன்று தடவை. நாற்பத்தொரு வயதில் இனிக் கோயில் வேண்டாம் என்றுவிட்டார். படம் மாற்றுவதும் வேண்டாமாம். படத்தில் எல்லோரும் புளுகுகிறார்களாம்.

அண்ணை யோசித்து, ஊர்ச்சங்கத்தின் பெயரில் ஒரு சுற்றுலா வைத்தார். குளிருக்குத் தப்பித் தெற்கே போகும் பெருங்கொக்குகளை மார்ன் பள்ளத்தாக்கில் போய்ப் பார்ப்பது. பதினான்கு பேர், ஒரு மினிபஸ், நூற்றைம்பது மிதிவெடி*, ஒரேயொரு பைனாகுலர்.

(* பதற வேண்டாம். உள்ளே முட்டை வைத்துப் பொரிக்கும் பெரிய ரோல்ஸுக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர்.)

பஸ் புறப்பட்டதும் அண்ணை என் காதுக்குள் சொன்னார்:

“மற்ற ஆக்கள் எல்லாரும் வானத்தைத்தான் பாப்பினம், சொல்லி வைச்சிருக்கிறன். நீர் மட்டும் இடைக்கிடை பொம்பிளையைப் பாரும். ஆனா பாக்கிற மாதிரித் தெரியப்படாது.”

வசந்தரூபி முன் சீட்டு, நான் பின் சீட்டு. போகும்போதும் வரும்போதும் அவருடைய சீட்டின் முதுகை மிக நன்றாகப் பார்த்தேன். ஒரு தையல் விட்டிருந்தது.

4

இரண்டு மணிநேரம் வானத்தில் ஒன்றுமில்லை. ஆற்றோரப் புல்வெளி, தேங்கிய தண்ணீர், மிதிவெடி. நான் வெட்கத்தில் என் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். சரி, இப்போது பார்த்துவிடலாம் என்று தலையை நிமிர்த்தினால், சத்தம். பறவை தெரியவில்லை. துருப்பிடித்த கதவுகளை யாரோ நூறு நூறாகத் திறப்பதுபோலச் சத்தம் மட்டும். பிறகு மரங்களுக்கு மேலே ஒரு கோடு. இன்னொரு கோடு. பிறகு எண்ண முடியவில்லை.

ஐயோ வாசகரே! பதினைந்து வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன், தலைக்கு மேலே இப்படி ஒன்று போகிறதென்று ஒருவரும் சொல்லவில்லையே! அண்ணை கடித்த மிதிவெடியோடு துள்ளினார். நடிக்கச் சொன்னவரே நடிக்க மறந்துவிட்டார். வசந்தரூபி எப்போது என் பக்கத்தில் வந்தார் என்று தெரியாது. என் ஜக்கெட் கையைப் பிடித்து இழுத்தார்.

“அங்கை! அங்கை பாருங்கோ! கடைசி மூண்டும் பிந்திப்போச்சு!” பிறகு வானத்தைப் பார்த்து, “கெதியாப் போங்கோவன்! என்ன ஆடிப்பாடிக்கொண்டு!”

அவருடைய குரல் என்று தெரியும். திரும்ப வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. நானும் சேர்ந்து கத்தினேன். தொண்டை அடைக்கும்வரை இரண்டு பேரும் அந்த மூன்று பறவைகளையும் ஏசினோம். அவை கூட்டத்தோடு சேர்ந்ததும் கைதட்டினோம்.

பாரிசுக்குத் திரும்பியதும் வேலைக்கு ஓடினேன். வெங்காயம் வெட்டும்போதுதான் உறைத்தது. நான் பெண்ணைப் பார்க்கவில்லை.

5

அண்ணையிடம் போனேன்.

“அதுக்கென்ன, நான் படம் எடுத்தனான். இந்தாரும், பாத்து எழுதும். ஆருக்குத் தெரியப்போகுது?”

போனை நீட்டினார். வாங்கினேன்.

[இந்த இடத்தில் நான் படத்தைப் பார்த்துவிட்டதாக ஒரு பந்தி எழுதினேன். நிறம், பின்னல், பொட்டு எல்லாம் கற்பனையில் வடிவாக வந்தன. நான் எழுதியதிலேயே அதுதான் நல்ல பந்தி. கிழித்துவிட்டேன்.]

போனைக் கவிழ்த்தபடியே திருப்பிக் கொடுத்தேன். சேர்ந்து கத்தியவரிடம் புளுகிக்கொண்டு வாழ்க்கை தொடங்க மனம் வரவில்லை.

“உமக்கு விசரோ? நாப்பத்துநாலு வயசு, தம்பி! இனி நான் எங்கை போய்த் தேடுறது?”

அவர் சொல்வது நியாயம்.

6

முடிவு ஒன்று: அவர் வாசிக்கிறார், முகம் சிவக்கிறது, இந்தத் தாள்களை ஒரு டிக்கெட் உறைக்குள் போட்டு –

முடிவு இரண்டு: அவர் சிரிக்கிறார், மண்டபம் எடுக்கிறோம், அண்ணை முன்வரிசையில் –

வேண்டாம். எழுதினால் கண்பட்டுவிடும்.

வாசகரே, கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள். முதலாவது ஆளோடு கதைக்க வேண்டும்.

வசந்தரூபி, நான் உங்களைப் பார்க்கவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்தில் நின்று கத்திய அந்தப் பத்து நிமிடம் போல ஒரு சந்தோசம் எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை. இனி என்னுடைய முறை, ஒரேயொரு கேள்வி. அன்றைக்கு நான் போட்டிருந்த ஜக்கெட் என்ன நிறம்? நீங்கள்தான் அதைப் பிடித்து இழுத்தீர்கள்.

நிறம் தெரிந்தால் இந்தத் தாள்களைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஒன்றும் கேட்க மாட்டேன். தெரியாவிட்டால், நீங்களும் பறவைகளைத்தான் பார்த்திருக்கிறீர்கள்; நாளை நாலு மணிக்குக் கடையை விட்டு வெளியே வாருங்கள். எதிர்ப்பக்கம் நிற்பேன். என் முகம் உங்களுக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். ரூ லூயி-பிளாங்கில் அத்தனை சனத்துக்குள்ளும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பவன் நான்தான்.