ஒரே அறையில் ஒரு கேமரா

துணி நனைந்துவிட்டது என்று சொல்லக் கூசி, மாமனார் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். பக்கவாதத்தில் விழுந்த பிறகு மருமகள்தான் எல்லாம் செய்கிறாள். மகனுக்கு வெளியூரில் வேலை. வீட்டில் இருப்பது ஒரே அறை. அவர் கட்டிலுக்கு எதிரே அவளுடைய மேஜை. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு இன்டர்நெட் கம்பெனியின் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்வது அவள் வேலை. வேலை நேரம் முழுக்கக் கம்ப்யூட்டர் கேமரா ஓட வேண்டும் என்று கம்பெனி அன்றுதான் புது விதி போட்டிருந்தது.

“எழுந்திரிங்க மாமா, மாத்திடலாம்.”

“அந்தக் கேமரா முழிச்சுக்கிட்டிருக்கும்மா. தூங்கட்டும், அப்புறம் பாக்கலாம்.”

பஸ்ஸையே ஒரு அதட்டலில் அடக்கிய மனுஷன் ஈரத்தில் குறுகிக் கிடப்பதைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. துண்டை எடுத்துக் கேமராவின் மேல் போட்டாள். அவசரப்படாமல் அவரைத் துடைத்து, மாற்றுத்துணி உடுத்திவிட்டாள்.

சூப்பர்வைசரிடமிருந்து போன் வந்தது. “எதுக்கு மூடினீங்க? இங்க சிவப்பா காட்டுது. வேலைக்கே உலை வெச்சுடும்.”

“வேலைக்குச் சேந்தது நான், மேடம். எங்க மாமா சேரலையே. அவர் உடம்பை எதுக்குப் படம் பிடிக்கணும்?”

சூப்பர்வைசர் குரலைத் தாழ்த்தி, “எங்க வீட்லயும் ஒரே ரூம்தான். கைக்குழந்தைக்குப் பால் குடுக்கணும்” என்றாள். “நீங்க மட்டும் மூடினா உங்களைத் தூக்கிடுவாங்க. எல்லாரும் மூடினா?”

மறுநாள் சூப்பர்வைசரின் திரையில் முகமே இல்லை. கட்டம் கட்டமாகப் பூப்போட்ட துண்டு, தலையணை உறை, யாருடையதோ ஒற்றைச் சாக்ஸ். முதலாளி எல்லோரையும் கூட்டத்துக்கு அழைத்தார். மருமகள்தான் முதலில் பேசினாள். மாமனாரைப் பற்றிச் சொன்னாள். அவளுக்குப் பின்னால் சூப்பர்வைசர் பேசினாள், பிறகு ஒவ்வொருவராக.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உங்க வேலையைப் பாக்கணும்னு நெனச்சோம். உங்க வீட்டுக்குள்ள நுழைஞ்சிருக்கோம். தப்பு எங்களோடதுதான்.”

அன்றைக்கே கேமரா விதி போனது. எடுத்த படங்களை அழித்துவிட்டதாகவும், இனி யாரையும் கேட்காமல் எதையும் பதிவுசெய்வதில்லை என்றும் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள்.

அடுத்த நாள் மாமனாரை நாற்காலியில் உட்காரவைத்துக் குளிப்பாட்டினாள். முதுகுக்குச் சோப்புப் போடும்போது ஹெட்செட்டில் அழைப்பு வந்தது. ஈரக் கையோடு எடுத்தாள். அவர் உடம்பெல்லாம் நுரையாக, கோணிய வாயால் ஒரு பாட்டை எடுத்துவிட்டார்.

“யாருங்க அங்க பாடறது?” என்றார் வாடிக்கையாளர்.

“எங்க மாமா.”

“நிறுத்தச் சொல்லாதீங்க.”

அவள் ஹெட்செட்டைக் கழற்றி அவர் பக்கம் நீட்டினாள்.