வேறொரு கணினியில் ஒலிக்கிறது

கணவர் போன பிறகு அவருடைய கணினியை அவள் முதன்முதலாகத் திறந்தது துக்கத்தால் அல்ல, தூசியால். மேசையைத் துடைக்கும்போது துணி எங்கோ பட்டுத் திரை விழித்துக்கொண்டது. பாஸ்வேர்டு கேட்டது. அது அவளுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்பு அவள் பிறந்த வீட்டில் இருந்த தொலைபேசியின் எண். அந்த வீடு இடிந்து, தொலைபேசியும் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் கணினி, மின்னஞ்சல், பாட்டு, வங்கி என்று அவருடைய எல்லாப் பூட்டுக்கும் அந்த ஒரே எண்தான் சாவி. "செத்தாலும் மறக்காத நம்பர்னா அது ஒண்ணுதான்" என்பார்.

அந்த மடிக்கணினியின் மூடியில் ஒட்டிவந்த பிளாஸ்டிக் தாளைக்கூட அவர் இன்னும் உரிக்கவில்லை. அதைத் தேர்ந்தெடுக்க அவருக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. கட்டட வரைபடம் வரைகிற மனிதர். பழைய கணினி ஒரு மாடி வரைபடத்தைத் திறப்பதற்குள் இவர் குளித்துவிட்டே வந்துவிடலாம். அதற்கு 'எருமை' என்று பேர் வைத்து, அந்தப் பேரைக் கணினிக்குள்ளேயே பதிந்தும் வைத்திருந்தார். மதியச் சாப்பாடு முடிந்ததும் எருமையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்பிவிடுவார். பொழுது சாயும்போது திரும்பி வந்து ராம், எஸ்எஸ்டி, திரையின் பளபளப்பு என்று ஒரே புராணம்.

"என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப ஒரு காபி ஆறுறதுக்குள்ள முடிவு பண்ணிட்டீங்க. ஒரு பெட்டிக்கு இந்த அலைச்சலா?" என்று அவள் கேட்டிருக்கிறாள்.

"அப்ப எட்டு ஜிபி கூட இல்லையே, யோசனை சொல்ல" என்றார் அவர்.

எட்டு ஜிபி என்பது கடைக்காரர். யார் வந்து எந்தக் கணினி வாங்கலாம் என்று கேட்டாலும், "என்ன வேலைக்குன்னு முதல்ல சொல்லுங்க" என்று ஆரம்பித்து, "எட்டு ஜிபி ராம் போதும், மிச்சமெல்லாம் படம் காட்டறது" என்று முடிப்பாராம். ஊரே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. கடைசியில் ஒருநாள் எருமையை அவரிடமே கொடுத்துக் கழித்துவிட்டு, புதியதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வந்த கொஞ்ச நாளில், செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவே இல்லை. துக்கத்துக்கு வந்த கடைக்காரர் கேட்டுக்கு வெளியிலேயே நின்று பார்த்துவிட்டு, யாரிடமும் பேசாமல் போய்விட்டார்.

தூசி துடைத்த அன்று, அவர் கேட்கிற பாட்டுப் பட்டியல் அந்தத் திரையில் திறந்தபடியே இருந்தது. ஏதாவது ஒன்றைக் கேட்போம் என்று தட்டினாள். பாதி வரி பாடிவிட்டுப் பாட்டு நின்றது. திரையின் அடியில் ஒரு பச்சைக் கோடு வந்தது. 'வேறொரு கணினியில் ஒலிக்கிறது.'

அந்தக் கணக்கில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் கேட்க முடியும் என்று அவர் சொல்லியிருக்கிறார். கணக்கு அவருடையது. அவர் இல்லை. அப்படியானால் இப்போது யார்?

பச்சைக் கோட்டின் மேல், எங்கோ ஒலிக்கிற பாட்டின் பெயர் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது பாட்டு முடிந்தது. நான்காவது முடிந்தது. ஐந்தாவதின் பெயர் வந்ததும் வராததுமாக ஆறாவதுக்குத் தாவியது. ஐந்தாவது பாட்டை அவர் கேட்டதே கிடையாது. வாத்தியம் ஆரம்பித்தவுடனேயே, "வேண்டாம் சாமி, ஆளை விடு" என்று தள்ளிவிடுவார். பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டியதுதானே என்றால், "இருந்துட்டுப் போகட்டும், தள்ளிவிடவாவது ஒண்ணு வேணும்ல" என்பார்.

மறுநாளும் அதே நேரத்துக்குப் பச்சைக் கோடு வந்தது. அதற்கடுத்த நாளும். ஐந்தாவது பாட்டு தவறாமல் தள்ளப்பட்டது.

காலை முழுக்கப் பல் மருத்துவமனையின் வரவேற்பில் உட்கார்ந்து, கன்னம் வீங்கியவர்களுக்கு நேரம் ஒதுக்குவதுதான் அவள் வேலை. மதியம் தோழிகளோடு பேசிவிட்டுக் கிளம்புகிற வழக்கத்தை விட்டுவிட்டு, இப்போது ஓட்டமாக வீட்டுக்கு வந்தாள். முகம் கழுவிப் புடவை மாற்றிக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். அவர் கடைத்தெருவிலிருந்து திரும்பும் நேரத்துக்குக்கூட இப்படி அவள் காத்திருந்ததில்லை. இது பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. தெரிந்தேதான் உட்கார்ந்தாள்.

ஒருநாள் துணிந்து, ஒலித்துக்கொண்டிருந்த பாட்டைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். பச்சைக் கோடு அணைந்து, பாட்டு அவள் அறையில் கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அவளுடையது நின்று, பச்சைக் கோடு திரும்ப வந்தது. மறுபடி இழுத்தாள். மறுபடி பிடுங்கப்பட்டது. டிவி ரிமோட்டுக்கு அவரோடு போட்ட சண்டையெல்லாம் ஞாபகம் வந்து, ஆளில்லாத வீட்டில் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்த சத்தம் அவளுக்கே அந்நியமாக இருந்தது. எழுந்துபோய் எல்லா அறையிலும் விளக்கைப் போட்டாள்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் போய்விடும் என்று பயம்.

வினை தங்கையின் உருவத்தில் வந்தது. தங்கைக்கு ஒரு நிறுவனத்தில் கணினிப் பாதுகாப்பு வேலை. சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவள். வங்கியிலிருந்து அக்காவின் கைபேசிக்கு வந்திருந்த எச்சரிக்கையைப் படித்ததும் அவள் முகம் மாறியது. யாரோ அவருடைய கணக்கில் நுழையப் பார்த்திருக்கிறார்கள். ஒருமுறை அல்ல, பலமுறை.

"மாமா என்ன பாஸ்வேர்டு வெச்சிருந்தார்?"

அக்கா சொன்னாள்.

"நம்ம வீட்டு போன் நம்பரா? எல்லாத்துக்கும் அதேவா? அடக் கடவுளே! வெறும் நம்பர் பாஸ்வேர்டு ஊதினாலே பறந்துடும்க்கா. எங்கேயோ ஒரு ஆன்லைன் கடையில மாமா பேரைப் பதிஞ்சிருப்பார், அந்தக் கடைப் பட்டியல் களவு போயிருக்கும். இப்ப எவனோ அந்த நம்பரை வெச்சுக்கிட்டு ஒவ்வொரு கதவா ஆட்டிப் பாக்கறான். வங்கி இந்தத் தடவை தடுத்துடுச்சு. மெயிலுக்குள்ள பூந்துட்டான்னா மாமா வரைஞ்சது, எழுதினது, போட்டோ எல்லாம் போச்சு. ஒவ்வொண்ணுக்கும் வேற வேற பாஸ்வேர்டு போடணும், இப்பவே."

அக்கா பதில் சொல்வதற்குள் தங்கை கணக்கைத் திறந்து, எந்தெந்தக் கணினியிலிருந்து ஆள் உள்ளே இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டாள். இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று இந்தப் புதியது. இன்னொன்றின் பக்கத்தில் 'எருமை, கடைசியாக இன்று' என்று இருந்தது.

"பழசைக் கடைக்காரன் அழிக்காமலே வெச்சிருக்கான் பாரு! எல்லாக் கணினியிலேர்ந்தும் வெளியேறுன்னு இங்க ஒரு கட்டம் இருக்கு, இதை டிக் பண்ணி பாஸ்வேர்டை மாத்தினா தீர்ந்தது."

தங்கையின் கை மவுஸின் மேல் இருந்தது. அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாத்திட்டா அவர் எப்படிடி உள்ள வருவார்?"

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே உறைத்தது. தங்கை அவளையே பார்த்தாள். திட்டவில்லை. அக்காவின் மாற்றிய புடவையையும், எல்லா அறையிலும் எரிகிற விளக்குகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு, மெதுவாகக் கையை எடுத்தாள்.

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான்க்கா. அதுக்கு மேல என்னால விட முடியாது."

மறுநாள் அவள் புதிய கணினியைப் பையில் போட்டுக்கொண்டு, அவர் போகிற நேரத்துக்கு, அவர் போகிற வழியில் நடந்தாள். கடையின் முன்பகுதியில் யாருமில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் மவுஸ்களும் விசைப்பலகைகளும் கிடந்தன. உள்ளே, பழுது பார்க்கும் அறையின் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து நான்காவது பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது.

அவள் அங்கேயே நின்று கேட்டாள். நான்காவது முடிந்தது. ஐந்தாவதின் வாத்தியம் ஆரம்பித்தது. "வேண்டாம் சாமி, ஆளை விடு" என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அது அவர் குரலாகவே இருந்தது. திரைச்சீலையை விலக்கினாள்.

எட்டு ஜிபி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மேசைமேல் எருமை. எதிரில் காலியாக இன்னொரு ஸ்டூல். அவளைப் பார்த்ததும் கடைக்காரர் எழுந்த வேகத்தில் திருப்புளி கீழே விழுந்தது.

"அழிக்கணும்னுதாம்மா நினைச்சேன்" என்றார் எடுத்த எடுப்பில். "இத்தனை வருஷத்துல ஒரு மெஷினைக்கூட நான் அழிக்காம வெச்சதில்லை. ஒரு பட்டன்தான். இதுக்கு மட்டும் கை போகலை. இங்க உக்காந்து இதைக் கேட்டுக்கிட்டேதான் அவர் கம்ப்யூட்டர் செலக்ட் பண்ணினார்."

"ஒரு வருஷமாவா, அண்ணா?"

"வாங்க வேண்டியதை முதல் நாளே சொல்லிட்டேம்மா. அதேதான் கடைசியில வாங்கினதும். 'சீக்கிரம் முடிவு பண்ணிட்டா நாளைக்கு எங்கய்யா போறது'ன்னு கேப்பார். எனக்கும் ஆள் கிடையாது. நானும் இன்னொரு மாடல் வரட்டும், இன்னொரு மாடல் வரட்டும்னு இழுத்துக்கிட்டே இருந்தேன்."

அவள் காலி ஸ்டூலில் உட்கார்ந்தாள். கோபம் வரும் என்று நினைத்து வந்தவளுக்கு அது வரவில்லை. அவர் இருந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது.

கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது. அவர் இன்னும் போகலைம்மா."

"என்ன சொல்றீங்க?"

"நான் பாட்டுப் போட்டா திடீர்னு நிக்குது. வேறொரு கணினியில ஒலிக்குதுன்னு வருது. வேற கணினின்னா உங்க வீட்ல இருக்கற அந்தப் புதுசு ஒண்ணுதான். நீங்க வீட்ல கம்ப்யூட்டரைத் தொடவே மாட்டீங்கன்னு அவர் சொல்லியிருக்கார். ஆஸ்பத்திரியில பாக்கற திரையே அவளுக்குப் போதும்பார். அப்ப யாரு? நான் திரும்பப் போட்டா திரும்பவும் பிடுங்கறார். ரிமோட்டுக்குச் சண்டை போடற மாதிரி. நான் தனியா உக்காந்து சிரிப்பேன். அப்புறம் பயந்து வெளியில போய் நிப்பேன்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்காமல் இருந்துவிடலாமா என்று தோன்றியது. ஒருவருக்காவது அவர் மிச்சம் இருக்கட்டுமே. ஆனால் அவள் முகமே சொல்லிவிட்டது.

"நீங்களா?" என்றார் கடைக்காரர்.

"நீங்களா?" என்றாள் அவளும்.

இத்தனை நாளும் அவருக்கு இவளும் இவளுக்கு அவருமாக ஆவி வேஷம் கட்டியிருக்கிறார்கள். இறந்தவர் எங்கேயும் வரவே இல்லை. செய்தி கேட்ட அன்று வராத அழுகை அவளுக்கு இப்போதும் வரவில்லை.

பையிலிருந்து கணினியை எடுத்து எருமைக்குப் பக்கத்தில் வைத்தாள். களவு போன எண்ணைப் பற்றிச் சொன்னாள். எட்டு ஜிபி முழுக்கக் கேட்டுவிட்டு, "மாத்திடணும்மா. வேற வழி இல்லை" என்றார். "சம்பந்தமே இல்லாத நாலு வார்த்தையைக் கோத்துப் போடுங்க. யாராலயும் கண்டுபிடிக்க முடியாது, உங்களுக்கும் மறக்காது."

பிறகு, எந்த வாடிக்கையாளர் பாஸ்வேர்டு அடித்தாலும் செய்வதுபோல, எழுந்து சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

நான்கு வார்த்தை. மழை என்றால் ஒரே குடையில் அவரோடு நனைந்தது. செருப்பு என்றால் கடைசி நாள். பென்சில், படிக்கட்டு, ஜன்னல் என்று எதை எடுத்தாலும் அதன் மறுமுனையில் அவர் இருந்தார். அவரோடு சம்பந்தமில்லாத நான்கு சொற்கள் அவளிடம் இல்லவே இல்லை. கடைசியில் பல் மருத்துவமனைக்குள் போய்த் தேடினாள். ஊசிக்குப் பயந்து அவர் கால் வைக்காத இடம் அது ஒன்றுதான். அங்கிருந்து நான்கை எடுத்து அடித்தாள்.

"வேணும்னா உங்களுக்கும் சொல்றேன், அண்ணா" என்றாள்.

"பாஸ்வேர்டை யார்கிட்டயும் சொல்லக் கூடாதும்மா" என்றார் அவர், சுவரைப் பார்த்தபடியே.

எல்லாக் கணினியிலிருந்தும் வெளியேறு என்ற கட்டத்தில் குறியிட்டுத் தட்டினாள். எருமையில் பாடிக்கொண்டிருந்த பாட்டு ஒரு சொல்லின் நடுவில் அறுந்தது. அறையில் மின்விசிறியின் சத்தம் மட்டும் இருந்தது.

"போயிட்டாரா?" என்று சுவரைக் கேட்டார் எட்டு ஜிபி.

"போயிட்டார்" என்றாள்.

அடுத்த நாள் அவள் ஓடிவரவில்லை. தோழிகளோடு நின்று பேசிவிட்டு, நிதானமாக வந்தாள். புடவை மாற்றவில்லை. கணினியைத் திறந்து, பட்டியலை முதலிலிருந்து போட்டுவிட்டு, மூடியின் பிளாஸ்டிக் தாளை ஒரு மூலையிலிருந்து உரிக்க ஆரம்பித்தாள். முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. பச்சைக் கோடு வரவில்லை. பாட்டை யாரும் இழுக்கவில்லை. ஐந்தாவதின் வாத்தியம் ஆரம்பித்தது. பழக்கத்தில் அவள் கை நின்றது, காது காத்திருந்தது.

யாரும் தள்ளிவிடவில்லை. வாத்தியம் முடிந்து குரல் வந்தது. இத்தனை வருஷத்தில் அந்தக் குரல் ஆணா பெண்ணா என்றுகூட அவளுக்குத் தெரியாது. பெண் குரல். பாட்டு ஒன்றும் மோசமில்லை. பாதி உரித்த தாளைக் கையில் பிடித்தபடி அதைக் கடைசி வரைக்கும் கேட்டாள். அது முடிந்து ஆறாவது தானாக ஆரம்பித்தபோதுதான், அவர் செத்துப்போய்விட்டார் என்று அவளுக்கு அழுகை வந்தது.