வராத வண்டியின் பிழை

1

இந்தக் கதை எனக்கு ஒரு பெருமைப் பேச்சிலிருந்து கிடைத்தது. என் கணக்கு தப்பாது என்றாள் ஒருத்தி. சொன்ன வாயை அவள் மூடுவதற்குள் எனக்குக் கதை பிறந்துவிட்டது. முதலில் இப்படித் தொடங்கினேன்:

வானம் இருண்ட மாலையில் ஓர் ஆம்புலன்ஸ்…

(வேண்டாம். ஆம்புலன்ஸோடு இருட்டையும் சேர்த்தால் பயந்துபோவீர்கள், கண்ணுகளா. பகல் என்றே வைத்துக்கொள்வோம்.)

2

அவள் ஆம்புலன்ஸ் நிலையத்தில் தரவுகளைப் பார்ப்பவள். தூரம், நெரிசல், கிழமை இவற்றைக் கொண்டு வண்டி எத்தனை நிமிடத்தில் வரும் என்று கணிக்கும் கணினி மாடல் அவள் கட்டியது. சோதனைக்காகச் சில அழைப்புகளில் அந்த எண்ணைச் சொல்லிவந்தவள், அங்கேயே தொலைபேசி எடுக்கும் அவள் நாத்தனார். திங்கள் முதல் எல்லோருக்கும் சொல்லலாமா என்று மேலாளர் கேட்டிருந்தார். (அவரை வில்லனாக்கிப் பார்த்தேன். மனிதர் ஒத்துழைக்கவில்லை.)

கணித்த நிமிடத்துக்கும் வந்த நிமிடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்து, முந்தியதும் பிந்தியதும் ஒன்றையொன்று தின்றுவிடாதபடி கூட்டல் கழித்தல் குறியை நீக்கி, சராசரி கேட்டாள். தரவுத்தளம் ஒரே மூச்சில் சொன்னது: இரண்டு நிமிடம்.

"சந்தோஷம் அண்ணி. இனிமே திட்டு விழுந்தா போனை உங்க பக்கம் திருப்பிவிடறேன்."

"திருப்பேன். நான் பேசிக்கறேன்."

3

இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் விடை வந்ததும், அழைப்புக்கு ஒன்றாக எத்தனை வரிசைகள் கணக்கில் சேர்ந்தன என்று எண்ணிப் பார்ப்பது அவள் வழக்கம். அழைப்புகளைவிட வரிசைகள் குறைந்தன. விடுபட்டவற்றைத் தேடி எடுத்தாள். எல்லாவற்றிலும் வந்த நேரம் காலி. காத்திருந்து பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக் காரில் நோயாளியை ஏற்றிப் போனவர்கள் அவர்கள். வண்டி பாதி வழியில் திரும்பியிருந்தது. காலியான கட்டத்தைச் சராசரி தொடுவதில்லை. ஆக, படுமோசமாகப் பொய்த்த கணிப்புகள்தாம் பிழையே இல்லாதவை போல நழுவியிருந்தன.

(இங்கே அவளை அழவைத்தேன்; பிறகு அந்த வரியை அடித்துவிட்டேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கிற ரகம்.)

அழைப்பை ரத்துசெய்த நேரத்தை அந்தக் கட்டங்களில் வைத்து மறுபடி கேட்டாள். ஆறு நிமிடம். அதுவும் குறைந்தபட்சம்தான், அவர்கள் ரத்துசெய்தபோதும் வண்டி வந்திருக்கவில்லையே.

4

முடிவு ஒன்று: திங்கள் முதல் வேண்டாம் என்று மேலாளரிடம் சொல்கிறாள். (சொல்லிவிட்டாள். அதில் எனக்குச் சந்தேகமில்லை.)

முடிவு இரண்டு: நிமிட எண்ணைச் சொல்வதையே அடியோடு விட்டுவிடுகிறார்கள். பக்கத்து வீட்டில் கார் இல்லாதவர்கள் அப்போது…

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

அதற்குள் ஓர் அழைப்பு. நாத்தனார் வாய்ப்பகுதியைக் கையால் பொத்திக்கொண்டு திரும்புகிறாள்.

"அண்ணி, கூப்பிட்டவரோட அப்பாவுக்கு நெஞ்சுவலியாம். பதினொரு நிமிஷம்னு காட்டுது. காத்திருக்கச் சொல்லவா, கிளம்பச் சொல்லவா?"

மறுமுனையில் இருப்பது நீங்கள்தான், கண்ணுகளா. உங்களுக்கு என்ன சொல்லட்டும்?