பெட்டிக்கடை

“நான் எங்க இருந்தா இதுக்கென்னம்மா?” என்று அப்பா ஒருமுறை அவளிடம் கேட்டார். சீட்டு விளையாடப் புதிதாகப் போட்ட ஆப், அவர் இருக்குமிடத்தைப் பார்க்க அனுமதி கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தது. சரியென்று அழுத்தினால்தான் விடும் என்றாள். அழுத்தினார்.

அதன் பிறகு அவர் போன இடமெல்லாம் அது மோப்பம் பிடித்தது. அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்த அன்றே, ஆட்டத்துக்கு ஆட்டம் நடுவில் சக்கர நாற்காலி விளம்பரம் வந்தது. ஆள் நடமாட்டத்தைப் பார்த்துத்தான் விளம்பரம் அனுப்புவார்கள் என்று அண்ணன் விளக்கினான். “நம்ம சொந்தக்காரன் ஒருத்தனாவது இப்படி விசாரிச்சானா?” என்று அப்பா சிரித்தார்.

இன்று காலை அம்மா இறந்தபோது அவள் கையில் இருந்தது அப்பாவின் போன். அவளுடையது உடைந்துபோனதால் அவரே கொடுத்தனுப்பியிருந்தார். ரயிலில் வந்துகொண்டிருந்த அண்ணன் அதில்தான் உத்தரவு போட்டான். அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. அவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்து சொல்லும்வரை அவள் வாயைத் திறக்கக் கூடாது. சவக்கிடங்கில் கையெழுத்துப் போட, சவப்பெட்டி பார்க்க, எல்லாவற்றுக்கும் அவள். சொல்வதற்கு மட்டும் அவன். அம்மா படுத்தபோது பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதும் அவள்தான்.

வீட்டுக்கு வந்ததும், ஏன் இவ்வளவு நேரம் என்று அப்பா கேட்டார். மனதில் இருந்த சொல் பாதி வெளியே வந்துவிட்டது.

“பெட்டி... பெட்டிக்கடைக்குப் போயிருந்தேம்பா.”

அம்மா சாப்பிட்டாளா என்றார். தூங்குகிறாள் என்றாள். அவர் போனை வாங்கிக்கொண்டு சீட்டைத் திறந்தார். அவள் சமையலறைக்குப் போய், கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினாள்.

ஆட்டம் முடிந்த சத்தம் கேட்டது. அடுத்த ஆட்டம் தொடங்கவில்லை.

எட்டிப் பார்த்தாள். அப்பா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, போனைக் கண்ணருகே பிடித்திருந்தார். திரையில் வெள்ளைத் துணி விரித்த தேக்குப் பெட்டி. அமரர் ஊர்தி இலவசம் என்று எழுத்து ஓடியது. பிடுங்கப் போனாள். அவர் விடவில்லை.

“இந்தப் பெட்டிக்கடைக்கா போன?”

“அண்ணன் வந்து சொல்லட்டும்பா.”

“ஏம்மா, உனக்கும் அவ அம்மாதானே?”

மூலையிலிருந்த பொடிப் பெருக்கல் குறியை அவர் விரல் தேடித் தேடி அழுத்தியது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் வேறொரு பெட்டி வந்தது. போனை நாற்காலியில் குப்புறப் போட்டுவிட்டு எழுந்து சட்டையை மாட்டினார். பொத்தான்கள் மாறியிருந்தன. அவள் கிட்டே போய் ஒவ்வொன்றாகக் கழற்றிச் சரியாகப் போட்டாள். அதுவரை நின்றார். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகக் கதவைத் திறந்துகொண்டு படியிறங்கினார்.