குழிக்குள் நிற்பவன்

பஞ்சில் நனைத்த தண்ணீரை உதட்டருகே கொண்டுபோன மகள் லைலாவின் கையை வாப்பா தட்டிவிட்டார்.

"எஞ்சின அசைக்க வேணாம். தம்பிமுத்து குழிக்குள்ள நிக்கான்."

விடிந்ததிலிருந்து இதே பேச்சுத்தான். தலைமாட்டில் குர்ஆனின் யாசீன் ஓதிக்கொண்டிருந்த அவள் தம்பி மசூர் நிறுத்திவிட்டு, "வாப்பா, கலிமாவச் சொல்லுங்க" என்று குனிந்தான்.

வாப்பா கச்சிமுகம்மது மகனைப் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை.

"அவன் மேல வரட்டும். பொறகு சொல்றன்."

லைலா பஞ்சைக் கீழே வைத்தாள். கடைசி மூச்சில் சொல்லவேண்டிய கலிமா இல்லாமலே போய்விட்டால்?

மட்டக்களப்பு ரயில் எஞ்சின் கொட்டகையான செட்டில் வாப்பாவும் தம்பிமுத்துவும் ஒன்றாக வேலை செய்தவர்கள். தம்பிமுத்து தண்டவாளத்துக்கு நடுவிலுள்ள குழிக்குள் இறங்கி எஞ்சினின் அடிப்பக்கம் பழுதுபார்ப்பார். யாரும் எஞ்சினை நகர்த்திவிடாமல் வாப்பா மேலே காவல் நிற்பார். லீவுக்கு ஒரே பஸ்ஸில் வந்து, வாப்பா மருதமுனையில் இறங்க, அவர் அடுத்த ஊரான பாண்டிருப்புக்குப் போவார். தொண்ணூறில் சண்டை மறுபடி தொடங்கியது. ரயில் நின்றது, செட் பாழாய்ப் போனது. முஸ்லிம்களும் தமிழர்களும் ஒருவர் ஊருக்குள் ஒருவர் போகப் பயந்தார்கள்.

"நான் போய் தம்பிமுத்து மாமாவக் கூட்டிட்டு வாறன்" என்றாள் லைலா.

"ராத்தா, உங்களுக்கு விசரா? நேத்துத்தான் சந்தைக்குள்ள சுட்டிரிக்கானுகள். கடையெல்லாம் பூட்டிக் கிடக்கு" என்று மசூர் அக்காவை மறித்தான்.

அவள் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு பின்வாசலால் இறங்கினாள்.

தெருவில் ஒரு கதவும் திறந்திருக்கவில்லை. எந்த ஜன்னலிலிருந்து யார் பார்க்கிறார்களோ என்று முதுகு கூசியது. பாண்டிருப்பில், அவள் விஷயத்தைச் சொல்லி முடிக்குமுன்பே தம்பிமுத்துவின் மனைவி சாரதாதேவி குறுக்கே வந்து நின்றாள்.

"இவருக்கு ஒண்டு நடந்தா நீ பொறுப்பா புள்ள?"

தம்பிமுத்து உள்ளே போய் சேட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

வழியில் செட்டைப் பற்றிப் பேச்செடுத்தார். "போன வருசம் போய்ப் பார்த்தன் மகள். செட்டில ஒண்டும் இல்ல. கூரைத் தகரம் போயிற்று. தண்டவாளத்தயும் கழட்டி பதுங்குற பங்கருக்கு அடுக்கிட்டாங்க. குழி மட்டும் கிடக்கு, மழைத்தண்ணி நிறைஞ்சு."

"வாப்பாட்டச் சொல்லிராதீங்க மாமா."

"சொல்லமாட்டன்."

தம்பிமுத்து நுழைந்ததும் வீட்டில் இருந்தவர்கள் வழி விட்டு ஒதுங்கினார்கள். கட்டிலருகே தரையில் உட்கார்ந்து வாப்பாவின் கையைப் பிடித்தார்.

"கச்சி."

வாப்பாவின் கண்கள் அந்தக் குரலின் பக்கம் திரும்பின. "எங்க நிக்காய்?"

"மேல வந்திட்டன். உனக்குப் பக்கத்திலதான் இரிக்கன்."

வாப்பா அந்தக் கையை முழங்கைவரை தடவிப் பார்த்தார்.

"சாமானெல்லாம் எடுத்திட்டயா?"

"எடுத்திட்டன்."

"வேற ஆரும் கீழ?"

"ஒருத்தரும் இல்ல கச்சி."

வாப்பா நீளமாக மூச்சு விட்டார். மசூர் மறுபடி குனிந்தான். இந்த முறை உதடுகள் அவனோடு சேர்ந்து அசைந்தன; கலிமா முழுதாக வந்தது. மாலைத் தொழுகைக்கான அசர் பாங்குக்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

பெண்கள் அழத் தொடங்கிய பிறகும் தம்பிமுத்து கையை விடவில்லை. பிறகு மெதுவாக எழுந்தார்.

"நான் போகட்டா மகள்..."

சந்தியில் ஊர்ப் பொடியன்மார் கூட்டமாக நின்றார்கள். லைலா தம்பியைப் பார்த்தாள். அவன் சைக்கிளை எடுத்து வந்தான்.

"ஏறுங்க மாமா."

வாப்பாவின் ஜனாஸாவைக் குளிப்பாட்ட ஆட்கள் வந்துவிட்டார்கள். மகன் எங்கே என்று கேட்டார்கள். "வருவான்" என்று சொல்லிவிட்டு லைலா வேலியோரம் போய் நின்றாள். எங்கோ ஒரு சத்தம். வெடியா, தகரக் கதவை அடித்துச் சாத்தினார்களா, தெரியவில்லை. வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டாள். வாப்பாவுக்காக அழக்கூட அவளால் முடியவில்லை.

மசூர் வந்து இறங்கினான்.

"கொண்டு விட்டயா?"

"வீட்டுக்குள்ள போறமட்டும் நிண்டுட்டுத்தான் வாறன்."

சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வாப்பாவைக் குளிப்பாட்ட உள்ளே போனான். அவன் சேட்டின் இடுப்புப் பக்கம், சைக்கிளில் பின்னால் இருந்தவர் இறுகப் பிடித்திருந்த இரண்டு இடங்களும் வியர்வையில் நனைந்து கசங்கியிருந்தன.