பெயர் போடாத நன்றி

1984இல் பினாங்கில் தொடர்பியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். ஒரு நிறுவனத்தில் மேலே இருப்பவர் சொல்வது கீழே இருப்பவர் காதுக்கு எப்படிப் போய்ச் சேர்கிறது என்பதுதான் ஆய்வு. சிலிபின் ஊர்க்காரியான நான் அதற்காகக் கமுந்திங் என்ற வெளியூரில் ஒரு துணி ஆலையைப் பிடித்தேன். முதல் நாளே மெனேஜரின் காரில் போய் இறங்கினேன். என் பேராசிரியர் செய்து தந்த ஏற்பாடு அது. அதோடு என் பிழைப்பு கெட்டது. கேண்டீனில் நான் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும். என்ன கேட்டாலும் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார்கள். இதை வைத்துக்கொண்டு எவர் பட்டம் தருவார்? மாதக் கடைசிக்குள் உருப்படியாக ஏதும் வராவிட்டால் படிப்பை மறந்துவிடு என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

நான் வாடகைக்கு இருந்த வீட்டு ராக்காயி அக்கா அதே ஆலையில் வேலை செய்தார். "ஒன்ன ஆபீஸ் ஆளுன்னு நெனைக்கிறாங்க லா. நாளைக்கு எங்ககூட பஸ்ல வா" என்றார்.

ஆலை பஸ்ஸில் தன் இடத்தை எனக்குக் கொடுத்துவிட்டு அக்கா நின்றுகொண்டே வந்தார். அக்கா கூட்டி வந்த ஆள் என்று தெரிந்ததும் மற்றவர்களுக்கும் வாய் திறந்தது. ஓவர்டைம் அறிவிப்பு ஆலைப் பலகையில் ஏறுவதற்கு முன்பே டிரைவர் மாயாண்டி அண்ணன் மூலம் பஸ்ஸுக்குத் தெரிந்துவிடுமாம். பலகையை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லையாம். என் ஆய்வு முழுவதும் அந்த பஸ்ஸில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"பேரு மட்டும் போட்டுறாத, வேலை போயிரும்" என்றார் பக்கத்து சீட்டிலிருந்த ஆலைக்காரி காளியம்மா.

போடவில்லை. பட்டமும் கிடைத்தது. ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் பேராசிரியருக்குப் பெயர் உண்டு, காரில் ஏற்றி வந்து என் ஆய்வைக் கெடுத்த மெனேஜருக்கும் உண்டு. என்னைப் பிழைக்க வைத்தவர்களோ வெறும் 'ஆலைச் சகோதரிகள்'. எனக்கு மனசே ஆறவில்லை.

என் பிரதியை எடுத்துக்கொண்டு மறுபடியும் அந்த பஸ்ஸில் ஏறினேன். அக்கா எழுந்து வழக்கம்போல் என்னை உட்கார வைத்தார். அந்த வரியைத் தமிழில் சொல்லிக் காட்டினேன்.

"அது நாங்களா?" என்றார் காளியம்மா. "இந்தப் புத்தகத்த மெனேஜர் பாப்பாரா?"

"இல்லக்கா. இது என் வீட்ல இருக்கப்போறது."

"அப்ப பேனாவக் குடு."

புத்தகம் கடைசி வரிசை வரை போய் வந்தது. குலுக்கலில் அவரவர் எழுதிய பெயரெல்லாம் கோணல்மாணல். மாயாண்டி அண்ணன் வேகத்தைக் குறைத்து, "எனக்கும் எடம் விடுங்க லா" என்றார்.

ராக்காயி அக்கா மட்டும்தான் பாக்கி. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு எப்படி எழுதுவார்? நான் எழுந்தேன்.

"உக்காருங்கக்கா."

உட்கார்ந்தார். புத்தகத்தை மடியில் வைத்து, நிதானமாகத் தன் பெயரை எழுதினார்.