சனிக்கிழமை விளமீன்

மங்கையர்க்கரசி மீன் பிடிப்பாள், தின்னமாட்டாள். தூண்டிலை இழுப்பாள், முள்ளைப் பக்குவமாகக் கழற்றுவாள், மீனைக் கையில் ஏந்திக் கனம் பார்த்துப் பூரித்துப்போவாள், பிறகு அப்படியே அமுதத்தின் கூடையில் போட்டுவிடுவாள். அவள் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் திருநெல்வேலிப் பக்கத்துச் சைவக் குடும்பங்களில். முட்டை என்ற சொல்லையே பெரியவர்கள் முன்னால் எடுக்காத வீடுகள். அப்படிப்பட்டவளுக்குத் தூண்டில் பைத்தியம் பிடித்ததென்றால் அதற்கு அந்தமானின் லாங் ஐலண்டைத்தான் குற்றம் சொல்லவேண்டும். காலையில் சமையல் முடிந்துவிட்டால் பொழுது சாயும்வரை அந்தத் தீவில் ஒரு பொம்பளை என்னதான் செய்வாள்? பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பெங்காலி அம்மாளோடு அரைகுறை ஹிந்தியில் மழையைப் பற்றிப் பேசலாம். அதையும் எத்தனை நாள் பேசுவது?

புருஷன் சொக்கலிங்கத்துக்குக் காட்டிலாகாவில் ஸ்டோர் கிளார்க் வேலை. படகுக்கு டீசல் கொடுப்பதிலிருந்து கூலிக்காரனுக்குக் கோடரி கொடுப்பதுவரை எல்லாம் அவர் கை வழியாகத்தான் போகவேண்டும். நெற்றி நிறையத் திருநீறு, வெங்காயத்தைக்கூடச் சந்தேகத்தோடு பார்க்கிற பார்வை. அந்தத் தீவில் முருகனுக்கு ஒரு கோயில் கட்டியே தீருவது என்று கமிட்டி வைத்துச் சனிக்கிழமைதோறும் சாயங்காலம் கூட்டத்துக்குப் போய்விடுவார். கூட்டம் நடந்துகொண்டே இருந்தது. கோயிலுக்கு ஒரு கல்கூட விழவில்லை.

அமுதம் மணப்பாட்டுக்காரி. புருஷன் அடைக்கலசாமி காட்டிலாகாவின் மோட்டார் படகில் வேலை பார்த்தான். குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், அலையாத்திக் காட்டுக்குள் நுழைந்து போகும் ஓடையில், ஒரே மரத்தைக் குடைந்து செய்த டோங்கி ஒன்று அவர்களுக்கு இருந்தது. ஒருநாள் துணி உலர்த்திக்கொண்டிருந்த மங்கையர்க்கரசியை அமுதம்தான் கூப்பிட்டாள்.

"சும்மா ஒரு சுத்து சுத்திட்டு வருவோம், வாங்கக்கா. மீனு உங்களக் கடிச்சிராது."

அன்றைக்கு ஏறியவள்தான். பிறகு கரையில் கால் நிற்கவில்லை. முன்பக்கம் மங்கையர்க்கரசி, பின்பக்கம் துடுப்போடு அமுதம். சேற்றில் தத்தித் தத்தி ஓடும் மீன்களைப் பார்த்து, "மீனுக்கு எதுக்குட்டி கால் மாதிரி வச்சிருக்கான் ஆண்டவன்?" என்று மங்கையர்க்கரசி கேட்டுச் சிரிப்பாள். சங்குக்குள் குடியிருக்கும் நண்டை இரைக்காகப் பிடித்து வைத்தால், அது ஓட்டை இழுத்துக்கொண்டு டோங்கி முழுக்க நடைபோடும். ஓடை வளைவில் மிதப்பது கட்டையா முதலையா என்று இருவருக்கும் தினம் ஒரு வழக்கு. கட்டை என்று அமுதம் அடித்துச் சொல்லுவாள், அது கண்ணைத் திறக்கும், இரண்டு பேரும் "ஐயையோ" என்று துடுப்பைப் போட்டு ஓடுவார்கள். ஒருமுறை தூண்டிலில் துள்ளிக்கொண்டு வந்த பாறை மீனைக் கடல் கழுகு ஒன்று வந்து கொத்திக்கொண்டு போயே போய்விட்டது. மங்கையர்க்கரசி எழுந்து நின்று கழுகை வாய்க்கு வந்தபடி ஏசினாள். டோங்கி கவிழப் பார்த்தது. சிரித்துச் சிரித்து அமுதத்துக்கு வயிறு வலித்தது. ஊரில் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தான் இப்படி வாய்விட்டுக் கத்தியதே இல்லை என்பது மங்கையர்க்கரசிக்குப் பிறகுதான் உறைத்தது.

சாயங்காலம் வீட்டுப் படி ஏறும்போது அந்தச் சிரிப்பெல்லாம் அடங்கிவிடும். சொக்கலிங்கம் ஆபீஸிலிருந்து வந்ததும் வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சுவார்.

"என்ன வாடை இது, அரசி?"

"ஜெட்டிப் பக்கமிருந்து காத்து அடிக்கி, அத்தான்."

"காத்தா? உன் சேலையிலல்லா அடிக்கி. சாமி இருக்குத வீடு. போ, போயித் தலையோட குளிச்சிட்டு வா."

குளித்துவிட்டு வருவாள். பூசை அறை வாசலில் நிற்கவைத்து இன்னொரு தரம் மோந்து பார்ப்பார். சில நாள் மறுபடியும் குளிக்கச் சொல்லுவார். அடைமழைக் காலத்தில் ஈரத்தலையோடு நடுங்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். இவ்வளவு நல்ல மனுஷனை ஏமாற்றுகிறோமே என்று விளக்குக்கு முன்னால் கண்ணீர் விட்டிருக்கிறாள். பரிகாரமாகச் சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டையே விட்டுவிட்டாள். இனிப் போகக்கூடாது என்று சத்தியம் பண்ணுவாள், மறுநாள் ஓடைப்பக்கம் அமுதம் இருமினால் சத்தியம் பறந்துவிடும்.

இந்த அவஸ்தையை அவள் சொல்லி அழுதது ஒரே ஒருத்தியிடம்தான். டோங்கியில் உட்கார்ந்து, குளியலையும் நடுக்கத்தையும் விரதத்தையும் ஒன்றுவிடாமல் அமுதத்திடம் கொட்டுவாள். அமுதம் துடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்பாள். "விடுங்கக்கா" என்பாள். அதற்குமேல் எதுவும் சொல்லமாட்டாள். நல்ல மனசு, கேட்டுக்கொள்ளத் தெரிந்தவள் என்று மங்கையர்க்கரசி நினைத்துக்கொள்வாள்.

அந்தச் சனிக்கிழமை ஓடையைத் தாண்டிப் பாறைப் பக்கம் போனார்கள். சனிக்கிழமை என்றால் அமுதம் அங்கேதான் செலுத்துவாள். பெரிசாக ஒன்று வேண்டும் என்பாள். ஞாயிற்றுக்கிழமை விருந்துக்காக இருக்கும் என்று மங்கையர்க்கரசி அதைப் பற்றிக் கேட்டதில்லை. தூண்டில் நரம்பை இறக்கிக் கொஞ்ச நேரத்திலேயே ஒரு விளமீன் இழுத்த இழுப்பில் நரம்பு அவள் விரலை அறுத்தது. விடவில்லை. காலை டோங்கியின் ஓரத்தில் ஊன்றிக்கொண்டு, "முருகா, முருகா" என்று கத்திக்கொண்டே மேலே கொண்டுவந்துவிட்டாள். முருகன் இந்தக் காரியத்துக்கெல்லாம் துணைக்கு வருவானா என்பது வேறு விஷயம். தலையே ஒரு தேங்காய் அளவுக்கு இருந்தது.

அன்று விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில் சொக்கலிங்கம் கமிட்டியிலிருந்து திரும்பினார். முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் வடிய, தொண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"கூட்டத்துல சாப்பாடு போட்டாங்க. கீரைத்தண்டு... நாரு சிக்கிட்டு."

சோற்றை உருண்டையாகப் பிடித்துக் கொடுத்தாள். வாழைப்பழத்தை மெல்லாமல் விழுங்கச் சொன்னாள். ஒன்றுக்கும் இறங்கவில்லை. எச்சில் விழுங்கக்கூட முடியாமல் தவித்தவரைக் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். "பயப்படாதீங்க, நான் இருக்கேன்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள். கம்பவுண்டர் ஒரு பெங்காலிக்காரர். "மூ கோலோ, பாபு" என்று வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார், இடுக்கியை விட்டார், ஒரே இழுப்பு. எலும்பை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார்.

"மச்சி கா காண்டா ஹை, மாஜி. மீன் முள்ளு. தலை எலும்பு மாதிரி தெரியிது. தலை சாப்பிடுற ஆளு மெதுவா சாப்பிடணும், பாபு." ஹிந்தியும் தமிழுமாகச் சொல்லிவிட்டு அவர் கையைக் கழுவப் போனார்.

சொக்கலிங்கம் திருநீற்று நெற்றியைத் துடைத்தார். திரும்பி வரும் வழியில் இரண்டடி முன்னால் நடந்தார்.

"எங்கன சாப்பிட்டீய, அத்தான்?"

"அந்த அடைக்கலசாமிப் பய... கையப் பிடிச்சு இழுத்துட்டான். இன்னைக்கு ஒருநாள்தான். வெளிய சொல்லாத."

மங்கையர்க்கரசிக்குக் கோபம் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது, வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். என் மீன்! நான் பிடித்த மீனின் தலையை அல்லவா இவர் தின்றிருக்கிறார்! மனசிலிருந்து பெரிய பாரம் இறங்கியதுபோல இருந்தது. அவருக்கும் ஒரு ஆசை இருக்கிறது, அவரும் ஒளிக்கிறார். நாளைக்கே நானும் சொல்லிவிடுகிறேன், இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்கலாம், இனி இந்தப் பயம் வேண்டாம் என்று நினைத்தபடி நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து அமுதம் மாதா கோயிலிலிருந்து வந்ததும் மங்கையர்க்கரசி முதல் ஆளாக ஓடினாள். தொண்டையில் முள் சிக்கியதை நடித்துக் காட்டினாள். அமுதம் சிரித்தாள். அக்காவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்து, மனசு லேசாகி, அவளும் பேச ஆரம்பித்தாள்.

"நானும் சொன்னேன்க்கா, மெதுவா தின்னுங்க அண்ணாச்சின்னு. கேட்டாதானே? தலைன்னா ஒவ்வொரு சனிக்கிழமையும் அவுகளுக்கு அப்படி ஒரு அவசரம். அதுலயும் நீங்க பிடிச்சதுன்னா தனி ருசியாம்."

மங்கையர்க்கரசியின் கை அந்தரத்தில் நின்றது.

"நான் பிடிச்சதுன்னு அவுகளுக்குத் தெரியுமா?"

அமுதத்துக்கு அப்போதுதான் தான் எங்கே காலை வைத்துவிட்டோம் என்பது புரிந்தது. ஆனால் இனி எதை மறைப்பது?

"நீங்க டோங்கி ஏறின மொத வாரமே எங்க வீட்டு ஆளு உளறிட்டாரு. உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு அண்ணாச்சி சொல்லிட்டாக."

"பின்ன எதுக்கு என்னயக் குளிக்கச் சொன்னாக? தினம் மோந்து மோந்து பாத்தாகளே?"

அமுதம் தரையைப் பார்த்தாள். "நானும் கேட்டேன். 'பயம் இருக்கட்டும், பயம் போயிட்டா பொம்பளைய வீட்டுல நிறுத்த முடியாது'ன்னாக. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாக."

"அடைமழையில நான் நடுங்கினதெல்லாம் உன்கிட்ட சொன்னேனே, அமுதம். பட்டினி கிடந்ததச் சொன்னேன். இவுகள ஏமாத்துறேனேன்னு உன் மடியில விழுந்துல்லா அழுதேன்."

"எங்க வீட்டு ஆளுக்கு அந்தப் படகு வேலை அண்ணாச்சி சொல்லித்தான் கிடைச்சுது, அக்கா. நான் என்ன செய்ய? உங்க ரெண்டு பேரு சொல்லையும் காப்பாத்தினேன்."

"அவுக சொல்லத்தான் காப்பாத்தினே" என்று மங்கையர்க்கரசி எழுந்தாள்.

புருஷன் செய்தது எரிந்தது. ஆனால் அவரிடம் அவள் ஒரு நாளும் மனசைத் திறந்ததில்லை, அங்கே உடைவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. அமுதத்திடம் திறந்திருந்தாள். ஒவ்வொரு நாளும் தான் அழுததை ஒருத்தி காது கொடுத்துக் கேட்டுவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் அழவைத்தவருக்கே இலை போட்டாள் என்பதை அவளால் விழுங்க முடியவில்லை. இதற்கு எந்தக் கம்பவுண்டரும் கிடையாது.

வீட்டில் சொக்கலிங்கம் வெட்கப்படவில்லை. கேட்டபோது, கொஞ்சம் செருமிவிட்டு, "அதுவும் நல்லதுக்குத்தான் ஆச்சு" என்றார். "இனிமே ஒளிவு மறைவு என்னத்துக்கு? மீன இங்கேயே கொண்டு வந்துரு. பின்வாசல்ல வச்சு ஆக்கிக்கிடலாம்." மறுநாள் எங்கிருந்தோ ஒரு மண்சட்டி வந்து அடுப்படியில் உட்கார்ந்தது. அந்த வாரம் முழுக்க அவர் ஒருதரம்கூட மூக்கை உறிஞ்சவில்லை. பூசை மட்டும் வழக்கம்போல நடந்தது.

அடுத்த சனிக்கிழமை மங்கையர்க்கரசி ஓடைக்குப் போனாள். அமுதம் டோங்கியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள்.

"டோங்கியக் குடு."

"நானும் வாறேன்க்கா."

"வேண்டாம்."

பின்பக்கம் உட்கார்ந்து அவளுக்குப் பழக்கமில்லை. ஓடையைவிட்டு வெளியே வந்து, ஊரே பார்க்கும்படி ஜெட்டிக்கு முன்னாலேயே துடுப்புப் போட்டாள். டோங்கி நேராகப் போகாமல் ஒரு சுற்றுச் சுற்றியது. மரம் ஏற்றிக்கொண்டிருந்த ராஞ்சிக்காரக் கூலியாட்கள் சிரித்தார்கள். ஸ்டோர் வாசலில் சொக்கலிங்கம் நின்றார், கை அவரையறியாமல் நெற்றிக்குப் போனது. அவள் தலையைத் தூக்கிக்கொண்டு போனாள். சத்தமாக, யாருக்கும் ஒளிக்காமல் போவது இவ்வளவு சுகமா என்று இருந்தது. அந்தச் சுகம் அவள் திரும்பி ஓடை முகத்துவாரத்துக்கு வரும் வரைக்கும்தான் நீடித்தது.

அங்கே ஒரு கொடுவா மீன் மாட்டியது. அதுவரை அவள் பிடித்த எதையும்விடப் பெரிது. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வெளியே எம்பி, தலையை உதறி, டோங்கியையே கொஞ்ச தூரம் இழுத்துப்போனது. அவள் விட்டுப் பிடித்தாள், பிடித்து விட்டாள், கடைசியில் அதைப் பக்கத்தில் கொண்டுவந்து அணைத்துத் தூக்கினாள். வெள்ளியாக மின்னியது. மூச்சு வாங்க, சிரித்த வாயோடு, "ஏட்டி, பாத்தியா!" என்று திரும்பினாள். ஆளில்லாத முன்பலகையில் நண்டு ஒன்று ஓட்டை இழுத்துக்கொண்டு போனது.

அவள் முள்ளைக் கழற்றினாள். மீனைத் தண்ணீரில் இறக்கி, அதற்குத் தெம்பு வரும்வரை வயிற்றைத் தாங்கிப் பிடித்திருந்தாள். வாலை ஒரு வீசு வீசிவிட்டு அது போயிற்று.

வீட்டுக்கு வந்தபோது சொக்கலிங்கம் கமிட்டிக்குப் போகாமல் காத்திருந்தார். சட்டியில் புளி கரைத்து வைத்திருந்தார். மிளகாய்கூட அவரே அரைத்திருந்தார், கையெல்லாம் சிவப்பு.

"பெருசா ஒண்ணு தூக்கினியாமே? ராஞ்சிக்காரப் பயலுவ சொன்னானுவ. மீன் எங்க?"

"விட்டுட்டேன்."

"விட்டுட்டியா? யாருக்கு?"

"கடலுக்கு."

அவர் சட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "பின்ன எதுக்கு அம்புட்டு நேரம் வெயில்ல கிடந்த?"

"எனக்கு ஆசையா இருந்துச்சு."

 அவள் ரசத்தைச் சூடாக்கி அவருக்குச் சோறு போட்டாள், தானும் போட்டுக்கொண்டாள். பசி இருந்தது. இரண்டாவது கவளத்தில் அந்தக் கொடுவா எம்பிய எம்பல் கண்முன் வந்தது. டோங்கியை இழுத்துக்கொண்டு போனதை, தலையை உதறியதை, கையில் அதன் கனத்தை அப்படியே யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு அது குழம்பு. அதை மீனாகக் கேட்கத் தெரிந்தவள் தீவிலேயே ஒருத்திதான், அவளிடம் இனி எப்படிச் சொல்வது? ஒரு வாரமாக வராத அழுகை அப்போது வந்தது. அவள் தட்டை நகர்த்திவைத்துவிட்டு அழுதாள்.